நடந்துகொண்டே பார்த்த வைத்தியம்

என் தம்பி பெண்டாட்டியை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் கட்டித்தான் போட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவளுக்குப் ‘பம்பரம்’ என்று பேர் வைத்தவள் நான்தான். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை பின்னுவாள், என்னிடம் சண்டை போட வந்தால்கூட பாதிச் சண்டையில் ஏதோ ஞாபகம் வந்து படியேறிப் போய்விடுவாள். மீதிச் சண்டையை நான் தனியாகப் போட்டு முடிக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் திரும்பி வந்து, “எங்க விட்டோம் அண்ணி?” என்று கேட்கும்போது சிரிப்பும் வந்து தொலைக்கும்.

ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. தரைத்தளத்து நடைபாதையின் கோடியில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்த அறை. வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே சுற்றுகிற இயந்திரம், ஓயாமல் உறுமுகிற குளிர்பெட்டி. கைக்குழந்தைகளின் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸுகள் திணறினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வார்டு வார்டாக ஓடுவாள். அதே கட்டடத்தில் எத்தனை மாடி உண்டோ அத்தனையையும் லிஃப்ட்டை நம்பாமல் ஏறி இறங்குவாள். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். “என் பொழப்ப நம்பாத ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்” என்பான். அவன் பேசுகிற நீளமான வாக்கியமே அதுதான். மற்றபடி வாயில்லாப் பூச்சி.

நான் கீழ்வீட்டில் தையற்கடை வைத்திருக்கிறேன். அவர்கள் மாடியில் இருக்கிறார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவள் உண்டானபோது அவர்களைவிட அதிகமாகக் குதித்தது நான்தான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் ஓட்டம் மட்டும் குறையவில்லை. “லீவு போடேன்டி” என்றால், “இப்பவே லீவைத் தீர்த்துட்டா பொறந்ததுக்கப்புறம் யாரு பாத்துக்குவா? நீங்களா?” என்பாள். “நான்தான் பாப்பேன்” என்பேன். “அய்யோ, என் பிள்ளைக்கும் உங்க வாய் வந்துடும்” என்று படியேறிப் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் நோயாளியாக மாறவே மாட்டார்கள். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் எதிரில் நாற்காலியில் அமர்வதெல்லாம் வெளியாட்களுக்கு. இவர்களுக்கு டாக்டரை நடைபாதையில் மடக்குவதுதான் வைத்தியம். “மேடம், நெஞ்செரிச்சலா இருக்கு.” “அந்த மாத்திரை போட்டுக்கோ.” “சரி மேடம்.” இரண்டு பேரும் நடையை நிறுத்தக்கூட மாட்டார்கள். நாள்பட்ட பரிச்சயம், கூடவே ஒரு பெருமை. ஊருக்கெல்லாம் இரத்தம் எடுக்கிறவள் தனக்கு மட்டும் பெஞ்சில் காத்திருப்பாளா என்ன? ஆரம்ப மாதங்களில் ஒழுங்காகப் போய்ப் படுத்துக் காட்டியவள்தான். எட்டாம் மாதம் தாண்டியதும் எல்லாம் நடைபாதைக்கு மாறிவிட்டது.

அப்போதுதான் வாந்தி திரும்ப ஆரம்பித்தது. முதல் மாதங்களில் வந்து போன வாந்தி. மேல்வயிற்றில் வலது பக்கம் ஏதோ அழுத்துகிறது என்றாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாக உள்ளே போனது. நான், “குழந்தை மேல முட்டுது, அதான்” என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். பிரசவம் பார்க்கிற பெரிய டாக்டரம்மாவை நடையில் மடக்கியிருக்கிறாள். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை. அடுத்த முறை தாகம் என்று சொன்னதும் அவர், “சுகர் ஏறியிருக்கப் போவுது, பாத்துட்டுச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே பிரசவ அறைக்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பிறகு என்னிடம் சொன்னார். தடித்த கண்ணாடி போட்டவர், அதனால் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி’. சர்க்கரை பார்க்க எடுக்கிற இரத்தத்துக்கென்று மருந்து போட்ட ட்யூப் தனியாக இருக்கிறது. சாதா ட்யூபில் எடுத்து அப்படியே வைத்துவிட்டால், இரத்தத்தில் இருக்கிற அணுக்களே அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுமாம். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். பம்பரம் தன் கையில் தானே ஊசியைக் குத்தி, கைக்குக் கிடைத்த சாதா ட்யூபில் இரத்தத்தைப் பிடித்து, தாங்கியின் ஓரத்தில் செருகிவிட்டு, குழந்தைகள் வார்டிலிருந்து ஆள் வந்ததும் ஓடியிருக்கிறாள். வெகுநேரம் கழித்துத்தான் அதை இயந்திரத்தில் வைத்தார்கள். அளவு அடிமட்டத்தில் இருந்தது.

“ட்யூப் ரொம்ப நேரம் நின்னு போச்சும்மா, அளவை நம்ப முடியாது. வேற எடு” என்றிருக்கிறார் கண்ணாடி.

“நின்னா என்ன சார்? ஏறலைன்னு தெரிஞ்சுதில்ல, அது போதும்” என்று சிரித்திருக்கிறாள் அவள். கர்ப்பிணிக்குச் சர்க்கரை ஏறுவதுதான் எல்லோருக்கும் பயம். இறங்குவதைப் பற்றி யார் நினைத்தார்கள்? அவரும் சிரித்திருக்கிறார். அடுத்த தடவை நடையில் டாக்டரம்மாவைப் பார்த்தபோது, “சுகர் இல்ல மேடம்” என்று அவள் சொன்னாள். பொய்யில்லை. அவளுக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அதுவே அதிசயம். நேரே மாடிக்குப் போகாமல் என் கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் ஒரு மஞ்சள் பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். இன்னும் கேட்டாள். பிறகு எதுவும் பேசவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். இயந்திரத்தை மிதித்துக்கொண்டே நாலு கதை பேசினேன். ‘என்ன இவள், சும்மா உட்கார்ந்திருக்கிறாளே’ என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

கண் மஞ்சளாக இருந்தது. மேசையில் விரிந்து கிடக்கிற துணியின் நிறம்தான் அடிக்கிறது என்று நினைத்தேன். துணியைச் சுருட்டிக் கீழே போட்டேன். கண் அப்படியே இருந்தது. அவள் மோவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவள், “எங்க விட்டோம் அண்ணி?” என்றாள். நாங்கள் எதையும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

தம்பிக்கு போன் போட்டேன். “எங்கடா இருக்க? எந்த லிஃப்ட்டுல தொங்கிட்டு இருந்தாலும் எறங்கி ஆஸ்பத்திரிக்கு வா” என்றேன். கடையைப் பூட்டினேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. வண்டியில் வழியெல்லாம் அவளைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தேன், கிள்ளினேன், திட்டினேன். காமாலை என்றால் பயப்பட என்ன இருக்கிறது, கிடந்து எழுந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் அவள் பிரசவப் பகுதிப் பக்கம் வராமல் பரிசோதனைக் கூடத்தை நோக்கி நடந்தாள்.

“வேலை கிடக்கு அண்ணி, வார்டுல கூப்பிடுவாங்க.”

“வேலையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், வாடி” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கையை நீட்டச் சொல்லி விரல்கள் உதறுவதைப் பார்த்தார். “எத்தனை நாளா வாந்தி?” என்று என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் விரல் நுனியில் குத்தி அங்கேயே சர்க்கரை பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். இரண்டு முறையும் ஒரே கதைதான், மிகவும் குறைவு. இந்த முறை நின்று போவதற்கு ட்யூபே இல்லை. இன்னொன்றையும் நான் பார்த்தேன். குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சை மாற்றினார்கள். அதுவும் நனைந்தது.

சர்க்கரைத் தண்ணீர் நரம்பில் ஏறத் தொடங்கியதும் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. இரத்தம் எடுத்துக் கூடத்துக்கு அனுப்பினார்கள். சற்று நேரத்தில் கண்ணாடியிடமிருந்து போன் வந்தது. “சாம்பிள் சரியில்ல போலிருக்கு, உறைய மாட்டேங்குது, வேற அனுப்புங்க” என்கிறாராம். டாக்டரம்மா போனை வாங்கி, “சாம்பிள் சரியாத்தான் இருக்கு. உங்க லேப் பொண்ணுதான் சரியா இல்ல” என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வேர்க்க விறுவிறுக்க மேலே வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை.

தம்பியும் வந்து சேர்ந்தான், கையெல்லாம் கிரீஸோடு. டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்து நிற்க வைத்துச் சொன்னார்.

“இது சாதாரணக் காமாலை இல்ல. கர்ப்பத்தோட கடைசியில, ரொம்ப அபூர்வமா, கல்லீரல்ல திடீர்னு கொழுப்பு படிஞ்சு அது வேலையை நிறுத்திடும். சர்க்கரை இறங்கும், ரத்தம் உறையாது, சிறுநீரகம் சுணங்கும், நினைவு தப்பும். கிருமியால வந்த காமாலையான்னும் பாக்கச் சொல்லியிருக்கேன். அந்த முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது.”

“மருந்து?” என்றான் தம்பி.

“பிரசவம்தான் மருந்து. குழந்தை வெளிய வந்தாதான் கல்லீரல் திரும்பும். இன்னிக்கே எடுக்கணும்.”

“மாசம் முடியலையே மேடம்” என்றேன் நான். “ரெண்டு நாள் பாத்துட்டு...”

“ரெண்டு நாள் பாத்தா ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்கம்மா.” அவர் கோபமாகத்தான் சொன்னார். என்மேல் வந்த கோபமில்லை அது. திரும்பி நடக்கும்போது, “தினம் என் எதிர்ல நடந்தா” என்று தனக்குள் சொன்னது என் காதில் விழுந்தது.

உள்ளே போனோம். பம்பரத்திடம் அவரே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “உறையலையா மேடம்? அப்படின்னா எப்படி வெட்டுவீங்க?” என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குத்தான் விஷயம் புரிந்தது. உறைய வைக்கிற சத்துள்ள பிளாஸ்மாவை முதலில் ஏற்றிக்கொண்டுதான் அறுவை செய்வோம், முதுகில் ஊசி போட்டால் அங்கேயும் கசியும் என்பதால் முழு மயக்கம்தான் என்றார் டாக்டரம்மா. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். “சரி” என்றாள்.

பிளாஸ்மா குளிரில் கட்டியாக உறைந்து கிடக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. இரத்த வங்கி வாசலில் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்ட மாதிரி நின்றேன். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அந்தப் பைகள் தொட்டியில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. “இன்னும் சூடா ஊத்துங்களேன்யா!” என்று கத்தினேன். உள்ளே இருந்த பெண், “சூடு அதிகமானா கெட்டுப் போயிடும்மா, எல்லாம் வீணாயிடும்” என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் நடைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். அறுவை அறைக் கதவைப் பார்த்தேன், திரும்பவும் தொட்டியைப் பார்க்க வந்தேன். பரிசோதனைக் கூடத்து ஆட்கள் இரத்தம் கொடுக்கத் தங்கள் அறை வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடையை நிறுத்தாதவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் பையன் பிறந்தான். சின்ன உடம்பு. என்னிடம் காட்டவில்லை, துணியில் சுற்றி என்னைத் தாண்டிக் குழந்தைகள் வார்டுக்குக் கொண்டு போனார்கள். அழுகுரல் மட்டும் கேட்டது. அவளை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். வயிற்றுத் தையலில் கசிவு நிற்கவில்லை என்றார்கள். பை மேல் பையாக ஏற்றினார்கள். குழந்தை வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா நான் நினைத்தேன்! மஞ்சள் இன்னும் ஏறியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தது. சர்க்கரை இறங்கிவிடக் கூடாதென்று அடிக்கடி விரலில் குத்திக்கொண்டே இருந்தார்கள். “கல்லீரல் திரும்ப நாள் பிடிக்கும். இப்ப அதோட வேலையை நாங்க செஞ்சிட்டு இருக்கோம்” என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது, எங்கே போவதென்றுதான் தெரியவில்லை. தம்பி மட்டும் கதவருகில் ஒரே இடத்தில் நின்றான். நாற்காலி போட்டால் உட்கார மாட்டான். அவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

தினமும் காலையில் கண்ணாடியே வந்து அவள் இரத்தத்தை எடுத்துப் போனார். வேறு யாரையும் விடவில்லை. ஒரு காலையில் நான் அந்த நடையில் நின்றபோது அவர் கூடத்திலிருந்து வேகமாக வந்தார். கையில் ஒரு சாதா ட்யூப். என் முகத்துக்கு நேராக அதைக் கவிழ்த்துப் பிடித்தார். நான் பயந்து பின்னால் நகர்ந்தேன். உள்ளே இருந்த இரத்தம் கீழே விழவில்லை. மூடிப் பக்கம் வராமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“உறைஞ்சிருச்சு பாருங்க அக்கா!” என்றார். “தானா உறைஞ்சிருச்சு!” அவ்வளவு பெரிய மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கவிழ்த்த ட்யூபை வைத்துக்கொண்டு நடையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். உறைந்த இரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று எப்போதாவது நினைத்திருப்பேனா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்கியது மஞ்சள். ஒரு நாள் தொண்டையில் வைத்திருந்த மூச்சுக் குழாயை எடுத்தார்கள், குரல் வந்தது. நினைவு தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது பிள்ளையைப் பற்றித்தான்.

“நல்லா இருக்கான்டி. உன்னை மாதிரியே, ஒரு நிமிஷம் சும்மா கிடக்க மாட்டேங்கறான்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ், “குழந்தை நல்லா இருக்கும்மா, நீ முதல்ல தேறு, அப்புறம் பாக்கலாம்” என்றாள். பம்பரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“நாங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம் அண்ணி” என்றாள் மெல்ல. “இங்க படுத்திருக்கறவங்ககிட்ட நானும் சொல்லியிருக்கேன். நல்லா இருக்கு, அப்புறம் பாக்கலாம்னு. குழந்தையே இல்லாதப்பவும் சொல்லியிருக்கேன்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தையை இங்கே கொண்டுவரக் கூடாது, கிருமி தொற்றும். அவளை அங்கே கொண்டுபோக முடியாது, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. போனில் படம் காட்டினேன். “எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும்” என்றாள். அழுகிற வீடியோ காட்டினேன். “என்னிக்கு எடுத்தீங்க?” என்றாள். தம்பி வந்து சத்தியம் செய்தான். “நீங்க எனக்காகப் பொய்கூட சொல்லுவீங்க” என்றாள். சாப்பிட மாட்டேன் என்றாள். திரும்பிப் படுக்க முடியாத உடம்போடு தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே கிடந்தாள். மிஷின் கீச்சென்று கத்தியது, நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். செத்துப் பிழைத்து வந்தவள் இதிலேயே போய்விடுவாளோ என்று எனக்குப் பதறியது.

வெளியே வந்த கோபத்தில், எதிரே இரத்தம் எடுக்க வந்த கண்ணாடியிடம் வெடித்தேன். “உங்க ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சை உங்க ஆளே நம்ப மாட்டேங்கறா. போய்ச் சொல்லுங்க!”

அவர் உள்ளே போனார். நான் கதவிடுக்கில் நின்றேன். அவர் குழந்தை நல்லா இருக்கான் என்று சொல்லவில்லை. அவள் கையில் பட்டியைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டே, பேச்சுவாக்கில் சொல்வதுபோல், “கீழே குழந்தைங்க வார்டுலேருந்து இப்பதான் வரேன். உன் பையனுக்குச் சுகர் பாக்கணும்னு சொன்னாங்க” என்றார்.

அவள் தலை நின்றது. “எதுக்கு?”

“உன் நோய் வந்த அம்மாங்களோட குழந்தைங்க சிலதுக்குக் கொழுப்பைச் செரிக்கற சக்தி குறைவா இருக்குமாம். அதுக்கான டெஸ்ட் வெளிய அனுப்பியிருக்கு. அது வர்ற வரைக்கும் பசியோட விடக் கூடாது, பால் கொடுத்துகிட்டே இருக்கணும், சுகர் பாத்துகிட்டே இருக்கணும்னு டாக்டர் உத்தரவு. குதிகால்ல குத்தினேன். எட்டி உதைச்சான். இதோ.” சட்டைக் கையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு சிவப்பு, இன்னும் காயாமல்.

அவள் அந்தச் சொட்டையே பார்த்தாள். வாய் கோணியது.

“எவ்வளவு சார் இருந்தது?”

“நல்ல அளவு. உனக்கு வந்த மாதிரி இல்ல.”

“நீங்களே குத்தினீங்களா? இப்பவா?”

“இப்பதாம்மா. அழுதுட்டு இருக்கான்.”

“அப்படின்னா இருக்கான்.”

“இருக்கான்.”

அவள் என்னைத் தேடினாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். “அண்ணி, ஏன் இங்க நிக்கிறீங்க?” என்று அழுதுகொண்டே அதட்டினாள். “எம்பிள்ளை அங்க அழுறானாம். போங்க!”